அறுபத்து மூன்றாம் சால்

அறுபத்து மூன்று வரைக்கும் கேட்டது. அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் அடுப்படியில் கேழ்வரகுக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தேன். கை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. கிணற்றில் ஏற்றம் இறைக்கிறவர்கள் மூச்சு வாங்க, ஒரு சால் தண்ணீர் இறைக்கிற நேரம் நிறுத்துவதுண்டு. ஒரு சால் நேரம் போனது. இரண்டு சால் நேரம் போனது. வேலியில் காக்கை கத்துவது கேட்கிறது, ரோட்டில் அனந்தபுரம் பஸ் போவது கேட்கிறது, எண்ணிக்கை மட்டும் கேட்கவில்லை.

கிணற்றில் அப்போது இருந்தது இரண்டே பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவன் அவரைக் கொல்ல வேண்டியவன்.

இந்த வரியைப் படித்துவிட்டுப் பத்திரிகை ஆசிரியர் கட்டாயம் போன் போடுவார், "கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதேம்மா" என்று. ஜாஸ்தி இல்லை சார். கம்மியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு பெண்பிள்ளை தினமும் காலையில் அடுப்பை ஊதிக்கொண்டே காதை மட்டும் கிணற்றங்கரையில் வைத்துவிட்டு வாழ்ந்தாளே, அவள் வயிறு பட்ட பாட்டை எந்தப் பத்திரிகையிலும் அச்சடிக்க முடியாது.

நான் ஓடினேன். எப்படி ஓடினேன், போய் என்ன பார்த்தேன் என்பதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பாதிக் கிணறு

என் கல்யாணப் பந்தலில் மழை ஒழுகி, மாப்பிள்ளை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த மாப்பிள்ளை யார், எங்கிருந்து பிடித்தார்கள் என்று சேத்துப்பட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பிடிக்கவில்லை அம்மா, அவராகவே கப்பலில் வந்து இறங்கினார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். அரிசிக்கு ரேஷன் கடையில் விடியுமுன்னே வரிசை நின்ற காலம். பர்மாவில் இருந்த நம் ஜனங்களை உடுத்திய துணியோடு கப்பலேற்றி அனுப்பினார்கள். செஞ்சிப் பக்கம் சில குடும்பங்கள் பூர்வீக நிலத்தைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தன. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் எங்கள் நைனா டீக்கடை வைத்திருந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி, இரண்டு கைலியோடு வந்து இறங்கிய இவருக்கு முதல் டீ போட்டவர் அவர்தான். ஆறு மாதத்தில் பெண்ணையும் கொடுத்துவிட்டார்.

"மாமியார் இல்லாத வூடு. நெலம் இருக்குது. பாதி கெணறு இருக்குது. வேற இன்னா வேணும்?" என்று அம்மாவிடம் சொன்னார்.

மீதிப் பாதி யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தத் தொடரே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ராஜகிரி மலையின் நிழல் சாயங்காலத்தில் வந்து விழுகிற இடத்தில் எங்கள் வீடு. புதுசாகப் போனபோது இவரிடம் இரண்டு விசித்திரங்களைப் பார்த்தேன். சாப்பிடும்போது வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். படுக்கும்போது முதுகு சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். பர்மாவில் இதெல்லாம் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நைனாவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

விஷயத்தை உடைத்தவர் கடைத்தெருவில் கயிறு விற்ற பாய். ஏற்றத்துக்குக் கயிறு வாங்கப் போயிருந்தோம். பாய் கயிற்றை முழம் போட்டார். முதல் முழத்தை ஒன்று என்று சொல்லமாட்டார். "லாபம்" என்பார், அப்புறம்தான் இரண்டு, மூன்று. எங்கள் பக்கம் நெல் அளந்தாலும் சரி, தண்ணீர் இறைத்தாலும் சரி, முதல் எண் லாபம்தான்.

இவர் பீடி வாங்கப் போன நேரத்தில் பாய் என்னைப் பார்த்து, "ஏம்மா, பர்மா ஏழுமலை சம்சாரமா நீ? உங்க நைனா ஒண்ணுமே விசாரிக்கலியா? அல்லா காப்பாத்தணும்" என்றார்.

அந்த "காப்பாத்தணும்" எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பும் வழியில் இவரைக் குடைந்து எடுத்துவிட்டேன். இவர் முன்னால் நடந்தபடி, ஒரு தடவைகூடத் திரும்பாமல் சொன்னார்.

விரல் காட்டியது யார்?

இரண்டு குடும்பத்துத் தாத்தாக்களும் கூட்டாளிகள். சேர்ந்து அந்தக் கிணற்றை வெட்டினார்கள், சேர்ந்தே பர்மாவுக்குப் போனார்கள். அங்கேயும் பக்கத்துப் பக்கத்து வயல்தான். பிள்ளைகள் அண்ணன் தம்பி என்றே கூப்பிட்டு வளர்ந்தார்கள்.

பெரிய யுத்தம் முடிந்து எல்லோரும் அப்பாடா என்று உட்கார்ந்தபோது, அந்த நாட்டுக்காரர்கள் தங்களுக்குள்ளேயே சண்டை ஆரம்பித்தார்கள். துப்பாக்கியோடு இன்று ஒரு கூட்டம் வரும், நாளை எதிர்க் கூட்டம் வரும். இரண்டுக்கும் நெல் வேண்டும். ஒரு நாள் வந்த கூட்டம் ஊரைக் கூட்டி நிறுத்தி, "எதிரிக்கு நெல் கொடுத்தவன் எவன்?" என்று கேட்டிருக்கிறது. யாரோ விரல் காட்டினார்கள். கூட்டாளிக் குடும்பத்துக் கன்னியப்பனின் அப்பாவை வைக்கோல்போரில் சாய்த்து நிறுத்திச் சுட்டுவிட்டார்கள்.

கன்னியப்பன்தான் அந்தக் குடும்பத்தின் இளைய மகன். அவன் அம்மா குப்பம்மா, காட்டிய விரல் என் மாமனாருடையது என்றாள்.

அடுத்த அறுப்பில் அவளுடைய மூத்த மகன் என் மாமனாரை வரப்பிலேயே வெட்டினான். கொஞ்ச வருஷம் கழித்து அந்த மூத்தவனை இவருடைய அண்ணன் வெட்டினார். அந்த அண்ணன் பிறகு காய்ச்சலில் போனார். காய்ச்சலில் போனது சேர்த்தி இல்லையாம். அந்தப் பக்கம் இரண்டு உயிர், இந்தப் பக்கம் ஒன்று. கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைக்கிற மாதிரி, இப்போது முறை அவர்களுடையது. மிச்சமிருப்பது இங்கே இவர், அங்கே கன்னியப்பன்.

"மாமா நெஜமாவே கை காட்னாரா?" என்று கேட்டேன்.

"தெரியாது. நா அப்ப சின்னப் பையன். கட்டிலுக்கு அடியில இருந்தேன்" என்றார்.

கப்பலிலும் ஒன்றாகத்தான் வந்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு கோடி, இவர் ஒரு கோடி. அத்தனை நாளும் இரும்புச் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தே வந்ததாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு அந்தச் சுவர் விஷயம் விளங்கியது. கயிற்றுச் சுருளை வழியிலேயே போட்டுவிட்டு நைனா வீட்டுக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்று தோன்றியது. கால் வரவில்லை. இவருடைய முதுகு எனக்கு முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

ஒரு ஏற்றம், இரண்டு உயிர்

அந்தக் கோடையில் இரண்டு பேரும் நாற்று விட்டுவிட்டார்கள். தண்ணீர் வேண்டும். கிணறு ஒன்று. மாடு வாங்க வழியில்லை. இருந்தது பழைய ஏற்றம் ஒன்றுதான்.

ஏற்றம் பார்த்திராத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கிணற்றோரம் இரண்டு கல்தூண். அதற்கு நடுவில் நீளமான மரம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடும் பலகை மாதிரி. ஒரு முனையில் கனத்துக்குக் கல். மறுமுனையிலிருந்து ஒரு மூங்கில் கழி கிணற்றுக்குள் தொங்கும், கழியின் அடியில் இரும்பு வாளி. அந்த வாளிக்குத்தான் சால் என்று பேர். ஒருவர் மரத்தின் மேல் ஏறி, பக்கத்தில் கட்டிய மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் தண்ணீருக்குள் இறங்கும். கல் பக்கம் நடந்தால் மேலே வரும். இன்னொருவர் கிணற்று விளிம்பில் நின்று கழியைப் பிடித்துச் சாலைச் சாய்த்து வாய்க்காலில் ஊற்றுவார். மேலே நடக்கிறவர் எண்ண வேண்டும். நூறு ஆனதும் ஆள் மாறிக்கொள்வார்கள்.

ஆக, இரண்டு பேர் இல்லாமல் நடக்காது. இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு ஆண்தான். சண்டையில் மாட்டிக்கொள்வோம் என்று ஊரில் ஒருவரும் கூட வரவில்லை. விவகாரம் ஊர்ப் பெரியதனக்காரரிடம் போனது. அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா எறைங்க. இல்லாட்டி ரெண்டு காணியும் காயட்டும். கொடுவாள வரப்புல வெச்சிட்டுத்தான் கெணத்துகிட்ட போவணும். கீழ இருக்கறவன் கழிய ஒரு வெட்டு இழுத்தா மேல இருக்கறவன் காலி. மேல இருக்கறவன் ஒரே எட்டுல பாஞ்சா கழி இழுத்துக்கினு போயி கீழ இருக்கறவன் காலி. ஒருத்தன் உசுரு ஒருத்தன் கையில இருக்கட்டும். அப்பதான் ரெண்டு பேருக்கும் பயம் இருக்கும்."

ஊரே ஆஹா என்றது. பயம் இரண்டு பேருக்குத்தானா? எனக்கு யார் பங்கு வைத்தது?

அந்தக் கிணறு பாறைக் கிணறு. சித்திரைக் கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. நடுவில் கல் துருத்திக்கொண்டிருக்கும். விழுந்தால் முதலில் தண்ணீர் இல்லை, கல்தான்.

விடியலில் ஆரம்பிப்பார்கள். இருவருக்கும் ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. எண்ணிக்கை மட்டும்தான். "லாபம்... ரெண்டு... மூணு..." இவர் குரல் கனமாக இருக்கும், மலைப்பாறையில் பட்டு இன்னொரு தடவை திரும்பி வரும். இவர் எண்ணினால் இவர் மேலே இருக்கிறார், உயிர் அவன் கையில் என்று அர்த்தம். கன்னியப்பனுடைய மெல்லிசுக் குரல் கேட்டால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். அப்போதுதான் அடுப்பில் விறகைத் தள்ளுவேன். ஒரு நாள் இவர் இருமினார், எண்ணிக்கை ஒரு நொடி விட்டுப்போனது. பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் வாசலுக்கு வந்துவிட்டேன்.

எதிர்ப்பக்கத்து வீட்டு வாசலில் குப்பம்மா நிற்பாள். அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்த்தால் காறித் துப்பிவிட்டு உள்ளே போவாள்.

பேர் சொல்லாத வாய்

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கே இப்போது சிரிப்பு வருகிறது.

புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. பேர் மட்டுமில்லை, பேரில் வருகிற வார்த்தையும் வாயில் வரக்கூடாது. இவர் பேர் ஏழுமலை. மலை அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு மலையை "அந்தக் கல்லு" என்பேன். சந்தையில் ஏழு கத்தரிக்காய் வேண்டுமென்றால் "ஆறு போடு, இன்னொண்ணும் போடு" என்பேன். ரேஷன் கடைக்காரர் வேண்டுமென்றே, "குடும்பத் தலைவர் பேர் இன்னாம்மா?" என்று கேட்பார். நான் பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்ப்பேன், அவள் சொல்வாள், கடையே சிரிக்கும்.

சாதாரண நாளிலேயே அப்படி. இவர் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது என்று தெரிந்தபிறகு கேட்கவா வேண்டும்? அந்த எழுத்து வரும் என்று தெரிந்தால் வாயை முந்தானையால் மூடிக்கொள்வேன். என் வாயால் இவருக்கு ஒரு நாள்கூடக் குறையக்கூடாது.

அந்தக் காலை

எண்ணிக்கை அறுபத்து மூன்றில் நின்றதற்குச் சில நாள் முந்தி, ஒரு நாள் காலை கூழ்ப்பானையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் போகிறேன். இவர் மேலே. நாற்பத்தி சொச்சத்தில் எண்ணிக்கை நின்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

இவர் கிணற்றுப் பக்க முனையில் நிற்கிறார். சால் தண்ணீரில் கிடக்கிறது. கீழே கன்னியப்பன் இடது கையால் கழியைப் பிடித்திருக்கிறான். வலது கையில் கொடுவாள். வரப்பில் இருக்க வேண்டிய கொடுவாள் அவன் கையில் வெயிலில் மின்னுகிறது. இவரோ தன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பானை எங்கே விழுந்தது என்று தெரியாது.

"ஏழுமலை! ஏ ஏழுமலை!"

அந்தக் குரல் என்னுடையது என்று எனக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. கல்யாணமாகி அதுவரை என் வாயிலிருந்து தன் பேரைக் கேட்டிராத மனுஷர் திடுக்கிட்டுத் திரும்பினார். திரும்பிய கால் மரத்தின் மேல் இல்லை.

ஐயோ, அதை எப்படி எழுதுவேன்? இரண்டு கையும் மரத்தைக் கவ்விக்கொள்ள, உடம்பு முழுக்கக் கிணற்றுக்கு மேல் தொங்கியது. அவர் தூண் பக்கம் நகர்ந்தால், மறுமுனைக் கல் கனத்தில் மரம் விருட்டென்று மேலே எகிறி ஆளை உதறிவிடும். நகராமல் தொங்கினால் கை எத்தனை நேரம் தாங்கும்?

கன்னியப்பன் கொடுவாளைப் போட்டான். அது கிணற்றுக்குள் கல்லில் பட்டுப் போன சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் கழியைப் பற்றி, கிணற்றுக் கல்லில் காலை உதைத்துக்கொண்டு, மரம் எகிறாமல் தன் எடை முழுவதையும் போட்டுக் கீழே இழுத்தான்.

"அண்ணா! உட்றாத! நா புடிச்சிங்கீறேன், நவுந்து வா! மெதுவா வாண்ணா!"

இவர் மரத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, தூணைத் தொட்டு, அப்படியே சறுக்கித் தரையில் விழுந்தார். அதற்குப் பிறகுதான் அவன் கழியை விட்டான். மூங்கில் நெடுக ரத்தம். கழியில் ஒரு சிம்பு கிளம்பிக் கையைக் குத்திக்கொண்டிருந்ததாம். அதைச் சீவத்தான் நிறுத்தச் சொல்லிக் கொடுவாளை எடுத்திருக்கிறான். அதே சிம்பு அவன் உள்ளங்கை இரண்டையும் கிழித்துவிட்டது.

என் கத்தலுக்கு ஓடிவந்த குப்பம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கைக்கு வந்தத உட்டுட்டியேடா பாவி" என்றாள். சத்தம் போடவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

"நாத்து காயுது, போம்மா" என்றான் அவன்.

"அந்தக் கைக்கு நா சோறு போடமாட்டேன்."

சொன்னபடியே அன்று போடவும் இல்லை. வெயில் ஏறியபிறகு நான் வீட்டிலிருந்த மிச்சக் கூழை எடுத்துக்கொண்டு போனேன். அவனால் சொம்பைப் பிடிக்க முடியவில்லை. நானே வாயில் ஊற்றினேன். "கொஞ்சம் சாய்ச்சி ஊத்து அண்ணி" என்றான். அந்த வீட்டிலிருந்து என்னை முறை வைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்தால் இவர், "இன்னாமே, நாய கூப்பிட்ற மாதிரி கூப்பிட்ட" என்றார். இவரைக் கொல்லப் பார்த்தது அவன் இல்லை, என் வாய்.

வாசலுக்கு முதுகு

பயம் அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அதுவும் என் அறிவுதான்.

கையில் துணி சுற்றிக்கொண்டு கன்னியப்பனால் கழி பிடிக்க முடியாது. நூறு சாலுக்கு ஒரு தடவை ஆள் மாறுவது நின்றுபோனது. அவன் மேலேயே நடந்தான், பக்கத்து மூங்கிலை முழங்கையால் அணைத்துக்கொண்டு. இவர் எப்போதும் கீழே. எண்ணிக்கை இப்போது அந்த மெல்லிசுக் குரலில் மட்டும்தான் வந்தது. முதல் நாள் நான் நிம்மதியாகக் களி கிண்டினேன்.

மூன்றாம் நாள் மதியம் இவர் சாப்பிட உட்கார்ந்தபோது வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத காட்சி. சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்கு என்னவோ செய்தது.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எங்க நைனாவ அவங்கண்ணன் வெட்னப்ப நா வரப்புலதான் நின்னுனு இருந்தேன்" என்றார்.

"இப்ப இன்னாத்துக்கு அத சொல்ற?"

"சும்மா."

இன்னொரு கவளம் உருட்டிக்கொண்டே, "அவனுக்கு இப்ப கை இல்ல. மொழங்கையாலதான் புடிச்சிங்கீறான்" என்றார். அவ்வளவுதான். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

பெரியதனக்காரர் சொன்ன பயம் இரண்டு பேரில் ஒருவரிடம் இப்போது இல்லை. என் புருஷனுக்காகப் பயந்தே பழகியிருந்த எனக்கு, என் புருஷனைப் பார்த்து எப்படிப் பயப்படுவது என்று தெரியவில்லை. அன்று முழுக்க இவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பூ வாங்கி வந்த கை. அது இழுக்குமா, இழுக்காதா?

மறுநாள் காலையில்தான் அறுபத்து மூன்றோடு எண்ணிக்கை நின்றது.

மறுபடியும் கிணற்றங்கரை

கூழ்க் கையோடு ஓடினேன். எதிர் வரப்பில் இன்னொருத்தி ஓடிவந்தாள். குப்பம்மா. தலைமுடி அவிழ்ந்து, முந்தானை மண்ணில் புரள. அந்த வயசில் அப்படி ஓடுவாள் என்று யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். கிணற்றுக்குப் பத்தடி இருக்கும்போது இரண்டு பேரும் ஒன்றாக வந்து சேர்ந்தோம்.

கன்னியப்பன் மரத்தின் கிணற்றுப் பக்க முனையில் நிற்கிறான். சால் தண்ணீரில் கிடக்கிறது. கீழே இவர் இரண்டு கையாலும் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கழி அசையவில்லை. இவர் அவன் பாதத்தையே பார்க்கிறார். அவன் இவர் முகத்தைப் பார்க்கிறான். அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஒரு அடி பின்வாங்கவில்லை. வாங்கினால் தடுமாறுவான் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

நான் வாயைத் திறந்தேன். இவர் பேர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சட்டென்று ஒரு கை என் வாயை அழுத்தி மூடியது. சாணியும் வியர்வையும் கலந்த வாசனை. குப்பம்மா என்னைத் தன் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"கத்தாதடி. கத்துனா எம் புள்ள உழுந்துடுவான்" என்று என் காதுக்குள் சொன்னாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "கத்தாத, உங்கால்ல உழறேன்."

அவள் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டது. நான் கத்தவில்லை. எத்தனை நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. இவர் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு வழியாகச் சொட்டியது. துடைக்கக் கை எடுக்கவில்லை.

அப்புறம் இவர் மூச்சை விட்டார். எனக்கு அது கேட்டது. கழியை மெதுவாக, தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி, மேலே தள்ளிக் கொடுத்தார். கன்னியப்பன் ஒரு அடி பின்னால் வைத்தான், இன்னொரு அடி வைத்தான். சால் மேலே வந்தது. இவர் சாய்த்து ஊற்றினார். தண்ணீர் வாய்க்காலில் ஓடியது.

என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. பிள்ளைகள் பிறந்து, கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்து, ஏற்ற மரத்தை அறுத்து விறகாக்கிய பிறகு, ஒரு நாள் இவராகவே சொன்னார்: "அன்னிக்கி அறுவத்தி மூணாவது சால்ல ஒரு நெனப்பு வந்துச்சி. அது போவுற வரைக்கும் நின்னுனு இருந்தேன்."

குப்பம்மா என் வாயிலிருந்து கையை எடுத்தாள். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவள் இன்னொரு கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, அதை விட மறந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆண்கள் இரண்டு பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எத்தனையில் விட்டோம் என்று இருவருக்குமே ஞாபகமில்லை போலிருந்தது.

"இன்னாத்துக்குடா நிக்கிறீங்க?" என்றாள் குப்பம்மா. "மொதல்லேர்ந்து எண்ணுங்க. எனக்குக் கேக்கற மாதிரி எண்ணுங்க, ரெண்டு பேருமே வாய உட்டு எண்ணுங்கடா."

கன்னியப்பன் முழங்கையால் மூங்கிலை அணைத்துக்கொண்டான். இவர் கழியைப் பிடித்தார். இவர் குரல் கீழேயிருந்தும் அவன் குரல் மேலேயிருந்தும் ஒன்றாக வந்தது.

"லாபம்..."